உன் மகள் யார் ஜாடை

என் செல்ல மகனுக்கு,

இந்த உறையை நான் ஒட்டவில்லை. மடித்துச் செருகியிருக்கிறேன், அவ்வளவுதான். தபால்காரர் படிக்கலாம், உன் குவார்ட்டர்ஸில் கூடத் தங்கியிருக்கும் நண்பர்கள் படிக்கலாம், உன் சித்தப்பாவும் படிக்கலாம். அவருக்குத் தனியாக ஒரு பிரதி எழுதி அனுப்புவதாகவே இருக்கிறேன். நீ உன் கேள்வியைக் கடலூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், நாலு பேர் காதில் விழும்படிதான் கேட்டாய். பதிலை மட்டும் நான் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டும்?

"அம்மா, அது எம்புள்ளதானா?" என்று கேட்டாய். ரயில் ஊதிவிட்டது. "போய்ச் சேந்ததும் கடுதாசி போடு" என்று எதையோ சொல்லிவைத்தேன். வகுப்பில் எந்தப் பெண் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் உட்காரவைக்காத டீச்சர் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பெற்ற பிள்ளையை மட்டும் பதில் சொல்லாமல் ரயிலேற்றிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை, கோபம். பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் பிளாட்பாரத்திலேயே உன்னை ஓர் அறை அறைந்திருப்பேன். இப்போது கோபம் ஆறிவிட்டது. முழுதாக என்று சொல்லமாட்டேன், எழுதுகிற அளவுக்கு ஆறியிருக்கிறது.

மூன்றாம் மனிதர் படித்தாலும் விளங்கவேண்டும் என்பதால் நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வசந்தா என் அண்ணன் மகள். உனக்கு முறைப்பெண். சிதம்பரத்தில் என் அண்ணன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், உன்னைக் கட்டிக்கொண்டு வடக்கே நீ வேலை பார்க்கும் உருக்காலை ஊருக்கு வந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் ஏழாம் மாதம் சிதம்பரத்துக்கு அழைத்துவந்தோம். பெண் குழந்தை பிறந்தது. நீ லீவு போட்டுவிட்டு ரயில் மாறி ரயில் மாறி வந்து சேர்ந்தாய். துணியை விலக்கிப் பார்த்தாய். குழந்தையின் தலைமுடி இலவம்பஞ்சு நிறத்தில் இருந்தது. புருவமும் அப்படியே. தோல், நம் வீட்டில் யாருக்கும் இல்லாத ஒரு வெளுப்பு. எதிர்வீட்டு அம்மாள், "பால்ல குங்குமப்பூ போட்டுப் போட்டுக் குடுத்தீங்க, கொஞ்சம் ஜாஸ்தியா போயிடுச்சு போல" என்று உன் மாமியாரைக் கிண்டல் செய்தாள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அது நல்ல சிரிப்பு. அரை மணி நேரம் கழித்து உன் சித்தப்பா வந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. நாக்குக்குக் கதவு கிடையாது, அதுதான் அவருடைய சங்கடம். "நம்ம ரெண்டு வீட்லயும் மாநெறத்துக்கு மேல ஒருத்தரு கெடையாது. இது யாரு ஜாடைடா? ஒங்க எதிர் குவார்ட்டர்ஸ்ல வெள்ளக்கார இன்ஜினியரு இருக்காருன்னு சொன்ன இல்ல?" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் அதை அதோடு மறந்தும் போனார். நீ மறக்கவில்லை. குழந்தையைத் தூக்காமலே மறுநாள் என்னோடு கடலூர் வந்து, அங்கிருந்து ரயில் ஏறினாய். பெயர் வைக்கும் நாளுக்கு உன்னிடமிருந்து தந்திகூட வரவில்லை. இப்போது குழந்தைக்கு நாலு மாதம் முடியப்போகிறது. ஐந்தாம் மாதம் புருஷன் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போவது நம் வழக்கம். அண்ணன் என்னிடம் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. கடலூருக்கு வரும்போதெல்லாம் உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று மேஜையை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்.

சித்தப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. உன் மகள் வெள்ளை மாமா ஜாடை. நீ அவரைப் பார்த்ததில்லை, பெயரையும் கேட்டிருக்கமாட்டாய். என் அம்மாவின் தம்பி, எனக்கும் அண்ணனுக்கும் தாய்மாமன். அவருக்கும் இதே பஞ்சு முடி, இதே புருவம். வெளிச்சத்தில் கண்மணிகள் நிலைகொள்ளாமல் ஆடும். பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியின் உள்கட்டில், நிழலிலேயே உட்கார்ந்து எடைபோடும் வேலை பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் பொழுது சாய்ந்த பிறகு வரும் பஸ்ஸில்தான் வருவார். "வெயிலுக்கும் எனக்கும் ஆவாது பாப்பா" என்று சிரிப்பார். கதை சொல்லச் சொல்லி நானும் அண்ணனும் அவர் முதுகில் தொற்றிக்கொள்வோம்.

என் காதுகுத்தில் நான் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடு வாங்கி வந்தவர் அவர். ஆனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவரை உட்காரவைக்க எங்கள் வீட்டாருக்கு மனம் வரவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தார்கள். வெள்ளை மாமா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். காதில் குத்தியதற்கு நான் அழுதேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நீ பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். ஒரு போட்டோகூட இல்லை. அவரைப் பற்றிப் பேசுவதும் வீட்டில் மெல்ல நின்றுபோனது. வசந்தாவின் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து காட்டியபோது அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வெள்ளை மாமாம்மா" என்றார் அண்ணன், என் காதுக்கு மட்டும். உன்னிடம் சொல்ல அவருக்குப் பயம். குடும்பத்தில் இருந்த ஒன்றை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டார்கள் என்று நீ நினைத்துவிடுவாயாம். அட, நானும் அதே குடும்பம்தானே!

என் தாய்மாமன் ஜாடை இத்தனை வருஷம் தாண்டி ஒரு குழந்தைக்கு எப்படி வரும் என்று நீ கேட்பாய். இன்ஜினியரிங் படித்தவன், கேட்காவிட்டால்தான் எனக்கு வருத்தம். அறுபத்தாறு கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களுக்குச் சிதம்பரத்தில் உயிரியல் பயிற்சி நடந்ததே, நான் அண்ணன் வீட்டில் தங்கிப் போய்வந்தேனே, நினைவிருக்கிறதா? "இந்த வயசுல என்னாத்துக்கும்மா?" என்று சிரித்தாய். அங்கே பாடம் எடுத்த விரிவுரையாளர் உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். பழ ஈ வளர்ப்பவர். ஈக்களைப் பிடிப்பதற்காக ஜன்னலில் பலாச்சுளையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார், அந்த அறைக்குள் நுழைந்தாலே பண்ருட்டிச் சந்தை வாசனை வரும். எங்களை டி.என்.ஏ.வின் மாதிரி உருவம் ஒன்று செய்யச் சொன்னார். ஈர்க்குச்சியும் நாலு நிறப் பாசிமணியும் நூலும் வாங்கி வந்து ராத்திரியெல்லாம் கட்டினேன். மறுநாள் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், எல்லாம் சரியா இருக்குது. ஆனா எதிர்ப்பக்கமா முறுக்கிட்டீங்க" என்றார். "தலை பின்னிப் பழகின கை தம்பி, அது போற பக்கம்தான் போவும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவிழ்த்து மறுபடி முறுக்கினேன். இப்போதும் என் மேஜைமேல்தான் இருக்கிறது.

அந்த மணிகளை வைத்துக்கொண்டு நான் என் பெண்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். நம் உடம்பின் உயிரணு ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கரு என்று ஓர் அறை. அதற்குள் டி.என்.ஏ. என்ற முறுக்கிய நூலேணி இருக்கிறது. ஏணியின் ஒவ்வொரு படியும் இரண்டு துண்டு சேர்ந்தது. துண்டுகளில் மொத்தம் நாலு வகைதான், ஒவ்வொரு வகைக்கும் ஜோடி ஒன்றே ஒன்று. அடினைனுக்குத் தைமின், குவானைனுக்குச் சைட்டோசின். மாற்றிச் சேராது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டிய நேரம் வந்தால் ஏணி நெடுக நடுவில் பிரிகிறது. பிரிந்த ஒவ்வொரு பாதியும் தனக்கு உரிய ஜோடித் துண்டுகளைச் சுற்றிலும் இருந்து சேர்த்துக்கொள்கிறது. ஓர் ஏணி இருந்த இடத்தில் இரண்டு ஏணி, இரண்டும் ஒன்றுபோல. நீ ஒரு துளியாக என் வயிற்றில் இருந்ததிலிருந்து மீசை முளைத்தது வரை இப்படிப் பிரிந்து பிரிந்துதான் வளர்ந்தாய். இதில் தவறு வருவது மிக மிக அபூர்வம். ஆனால் எப்போதோ, எந்தப் பாட்டனுக்கோ பாட்டிக்கோ ஒரு துண்டு மாறி விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மாறிய துண்டையும் உயிரணு அதே விசுவாசத்தோடு நகல் எடுத்துக்கொண்டே வரும். சரி எது, தப்பு எது என்று அதற்குத் தெரியாது. கொடுத்ததைக் கொடுத்தபடி அடுத்த கைக்குத் தருவதுதான் அதன் வேலை.

இந்த ஏணியில் எழுதியிருப்பதால் உடம்புக்கு என்ன பயன் என்றால், அதைப் பார்த்துத்தான் புரதம் தயாராகிறது. எங்கள் பள்ளியில் கேள்வித்தாள் ஸ்டென்சிலைத் தலைமையாசிரியை பீரோவில் வைத்துப் பூட்டுவார். அதிலிருந்து உருட்டி எடுத்த தாள்தான் வகுப்புக்கு வரும். அதுபோல டி.என்.ஏ. அறையைவிட்டு வெளியே வருவதில்லை. தேவையான பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. என்ற ஒரு பிரதியாக எடுத்து வெளியே அனுப்புகிறது. வெளியே ரைபோசோம் என்ற பொடிப்பொடி நிலையங்கள் காத்திருக்கின்றன. அவை அந்தப் பிரதியை, ஒரு துண்டு ஓர் எழுத்து என்று வைத்து, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கின்றன. ஒவ்வொரு மூன்றுக்கும் இன்ன அமினோ அமிலம் என்று கணக்கு. எது எதற்கு என்பதை இந்த ஐந்தாறு வருஷத்தில்தான் உலகத்தில் கண்டுபிடித்து முடித்திருக்கிறார்கள். அமினோ அமிலங்களை அந்த வரிசைப்படி கோத்தால் ஒரு சரம். சரம் தானாக மடங்கிச் சுருண்டால் அதுதான் புரதம். தசை புரதம், நகம் புரதம், ரத்தத்தின் சிவப்பைத் தாங்குவதும் புரதம். சில புரதங்கள் வேலைக்காரர்கள், ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றுகிறவர்கள். நொதி என்கிறோம்.

நம் தோலுக்கும் முடிக்கும் கண்மணிக்கும் கறுப்பு தருவது ஒரு நிறமி. நாம் தின்கிற பருப்பிலும் பாலிலும் இருக்கிற ஒரு சாதாரணப் பொருளை எடுத்து அந்த நிறமியாக மாற்றும் பாதையில் முதல் வேலையைச் செய்வது ஒரு நொதி. அந்த நொதிக்கான இடத்தில் எழுத்து மாறியிருந்தால், ரைபோசோம் கோக்கிற சரமும் மாறிவிடும். மடங்க வேண்டிய மாதிரி மடங்காது. மடங்காத நொதி வேலை செய்யாது. நிறமி பிறக்காது. நடந்தது அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் ரத்தத்தில் குறையில்லை, மூளையில் குறையில்லை, பசியில் நிச்சயமாகக் குறையில்லை. அழுதால் தெருக்கோடி வரை கேட்கிறது.

இப்போது கவனமாகப் படி. ஏணியில் எழுதியிருக்கும் ஒவ்வொரு குறிப்பும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. ஒன்று கெட்டு ஒன்று நன்றாக இருந்தால் போதும், அந்த ஒன்றே தேவையான நொதியைச் செய்துவிடும். ஆள் மாநிறமாகத்தான் இருப்பான், தன்னிடம் கெட்ட பிரதி இருப்பது அவனுக்கே தெரியாது. என்னைப்போல. உன்னைப்போல.

குழந்தை பிறந்த மாதமே நான் அந்த விரிவுரையாளரைத் தேடிப் போனேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். "நான் டாக்டர் இல்ல டீச்சர், ஈ வளக்கிறவன்" என்று முதலில் தயங்கினார். வெள்ளை மாமாவைப் பற்றிச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். கரும்பலகையில் எங்கள் குடும்பத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்தார். என் அம்மா வழியாக ஒரு கெட்ட பிரதி எனக்கும் வந்திருக்கிறது, அண்ணனுக்கும் வந்திருக்கிறது. நான் அதை உனக்குக் கொடுத்தேன். அண்ணன் அதை வசந்தாவுக்குக் கொடுத்தார். உங்கள் இரண்டு பேரிடமிருந்தும் வந்த இரண்டு கெட்ட பிரதிகள் இந்தக் குழந்தையிடம் சந்தித்திருக்கின்றன. "சாதாரணமா தெருவுல போற ரெண்டு பேருக்கு இப்படி ஒத்துப்போறது கஷ்டம் டீச்சர். சொந்தத்துல கட்டினதாலதான் ஒத்துப்போயிருக்குது" என்றார்.

அண்ணன் மெல்ல, அந்த வெள்ளைக்கார இன்ஜினியரை வைத்து ஊரில் கிளம்பியிருக்கும் பேச்சைச் சொன்னார். அந்த விரிவுரையாளர் பையன் சிரிக்கவில்லை. "ஐயா, வெள்ளைக்காரரு வெள்ளையா இருக்கிறது வேற கதை. அவருக்கு அந்த நொதி இருக்குது, முடியில நிறம் இருக்குது. அவரு புள்ளைன்னா உங்க பொண்ணோட நல்ல பிரதியோ அவரோட நல்ல பிரதியோ வேலை செஞ்சிருக்கும். கறுத்த முடியோட, கோதுமை நிறத்துல பொறந்திருக்கும். இந்தப் புள்ள இவ்வளவு வெளுப்பா இருக்கிறதாலதான் உங்க மாப்பிள்ளையோட புள்ள" என்றார்.

உனக்குப் புரிகிறதா? எதைப் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாயோ, அதுதான் உன் கையெழுத்து. மாநிறமாகப் பிறந்திருந்தால் நீ ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கமாட்டாய், கொஞ்சியிருப்பாய்.

இந்தக் கல்யாணத்தை முடித்தவள் நான்தான். முறைப்பெண் இருக்கும்போது வெளியே எதற்கு என்று நான்தான் அண்ணன் வீட்டுப் படியேறினேன். தெரிந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி யோசித்திருப்பேன், தெரியாது. அதற்காகத் தலையில் அடித்துக்கொள்ளப் போவதில்லை, ஏனென்றால் வசந்தாவைவிட நல்ல பெண்ணை நான் உனக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இப்படியே. அதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள், நான் தலையிடமாட்டேன். இந்தக் குழந்தைக்கு வெயில் ஆகாது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். பார்வை கொஞ்சம் மட்டாக இருக்கும், பள்ளியில் முதல் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் இவளுக்கு வேண்டிய தனிச் சலுகை. விசேஷ வீடுகளில் கதவுக்குப் பின்னால் நிற்கவைக்க மட்டும் நான் உயிரோடிருக்கும்வரை விடமாட்டேன்.

ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், டீச்சர் பொய் சொல்லக்கூடாது. இது நூற்றுக்கு நூறு நிரூபணம் இல்லை. அந்த வெள்ளைக்காரருக்கும் இதே கெட்ட பிரதி இருந்திருக்கலாம் என்று வாதாடுகிறவன் வாதாடலாம். அப்படி இருக்க வாய்ப்பு மிகவும் சொற்பம், ஆனால் அறவே இல்லை என்று அந்த விரிவுரையாளரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். விஞ்ஞானம் உன்னை வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே நீயாகத்தான் நுழைய வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் சிதம்பரம் போய், எழுதிய வரைக்கும் வசந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கடைசித் துணியையும் மடித்து வைத்தாள்.

"எழுதுங்க அத்தை, வேணான்னு சொல்லல. ஆனா இதைப் படிச்சிட்டு அவரு வர்றாருன்னா, ஈயை நம்பி வர்றாரு, ஏணியை நம்பி வர்றாரு. என்னை நம்பி வரலையே."

"அவன் வந்தா என்னா செய்வ?" என்று கேட்டேன்.

"சோறு போடுவேன். கூடப் போறேனா இல்லையான்னு அப்புறந்தான் சொல்லுவேன்."

உன் மாமியார் பதறிப்போய், "இன்னாடி பேச்சு இது?" என்றாள். நான் அவளைக் கையமர்த்தினேன். வசந்தா பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என் மகனை ஒருத்தி இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கு வலித்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன், வா. வரும்போது இந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வராதே. அவளிடம் நொதி, நிறமி என்று ஆரம்பிக்காதே, அதெல்லாம் அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். சித்தப்பாவின் மேல் பழியைப் போடாதே, அவர் கேட்டது ஒரு கேள்வி, அதை ரயிலில் சுமந்துகொண்டு போனவன் நீ. அவள் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல். நாள் ஆனாலும் சிதம்பரத்திலேயே தங்கு. லீவு தரவில்லை என்றால் வேலை போனால் போகட்டும்.

அது உன் பிள்ளை என்பதற்கு நான் சாட்சி சொல்லிவிட்டேன், என் உடம்பையே சாட்சியாக வைத்துச் சொல்லிவிட்டேன். நீ அதற்கு அப்பாவாக நடந்துகொண்டாய் என்று சொல்லத்தான் இந்தக் குடும்பத்தில் இன்னும் ஒரு சாட்சியும் இல்லை.

உன் அம்மா